தூண் வீட்டு விரிசல்

எங்கள் வகுப்பில் படித்தவர்களில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூடுகிறவர்கள் நாலே பேர். மற்றவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிலருக்குக் காது கேட்பதில்லை. ஒருவன் பேரப்பிள்ளைகளைத் தவிர வேறு யாரோடும் பேசுவதில்லை என்று சபதம் எடுத்தவன் மாதிரி இருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் படித்தது சிவில் என்ஜினியரிங். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் கணக்கு வாத்தியார் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துத் திகைத்துப்போய், "உட்காருங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பேர். இன்றைக்கும் என்னை "மேடம், நீ சும்மா இரு" என்றுதான் அதட்டுவார்கள்.

மற்ற மூவரில் ஒருவன் ஜல்லி. படிக்கிற காலத்திலேயே பேச்சு கரடுமுரடாக இருக்கும். காண்டிராக்டராகி ஊரெல்லாம் பாலம் கட்டினான். இன்னொருவன் புரொபசர். படித்து முடித்த கையோடு பாடம் நடத்தப் போனவன் இன்னும் நிறுத்தவில்லை. பெண்டாட்டியிடம் உப்புப் போதவில்லை என்று சொல்வதற்குக்கூட முன்னுரை வைத்திருப்பான். மூன்றாமவன் தூண். ஆறடிக்கு மேல் உயரம், எங்கே நின்றாலும் நிமிர்ந்து நிற்பான். கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு, தானே நின்று கட்டிய வீட்டில் தனியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரவர் சைட்டிலிருந்து மேலதிகாரிக்கு வாராவாரம் அறிக்கை அனுப்புவோம் இல்லையா, அதே மாதிரி. வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முதலில் முன்னேற்றம், பிறகு தாமதம், கடைசியில் கோளாறு. "முன்னேற்றம்: பேத்திக்கு வேலை கிடைச்சாச்சு. தாமதம்: கண் ஆபரேஷன் தள்ளிப்போச்சு. கோளாறு: மருமகன்" என்று ஜல்லி ஒரு முறை சொன்னான். அந்த நேரம் மருமகன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாராம்.

பதிவேட்டில் கடைசிப் பெயர் தூணுடையது. அவன் முறை வருவதற்குள் எங்களுக்குப் பாதித் தெம்பு போயிருக்கும். அவனும் நீட்ட மாட்டான். "ஒன்னும் விசேஷம் இல்லை" என்று முடித்துவிடுவான். ஒரே ஒரு தடவைதான் நீளமாகப் பேசினான். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிப்பதாகவும், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டதாகவும், தான் ஒரே போடாகப் போட்டதாகவும் சொன்னான்.

"இந்த வீடு நிக்கிற வரைக்கும் நான் இங்கதான். வீடு விழுந்தா கூப்பிடு, வரேன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளை மூஞ்சி செத்துப்போச்சு."

நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். எங்கள் வயதில் யாராவது பிள்ளைகளிடம் 'முடியாது' என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

அதற்குப் பிறகு, மழைக்காலம் தொடங்கிய சமயத்தில்தான் விரிசல் விவகாரம் வந்தது. "கோளாறு: ஹால் சுவர்ல விரிசல்" என்றான் தூண். கேமராவைத் திருப்பிச் சுவரைக் காட்டினான். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

எங்களிடம் கட்டடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். மருமகனாவது, கண் ஆபரேஷனாவது. புரொபசர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தான். ஜல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். என் வேலை முழுக்க மேல்நிலை நீர்த்தொட்டிகள் கட்டுவது. கான்கிரீட்டில் மயிரிழை தெரிந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. மூவரும் மாறி மாறிக் கேள்வி கேட்டோம். வெளிச்சுவரிலும் இருக்கிறதா, விரலால் தடவினால் இரு பக்கமும் ஒரே மட்டமா, கதவு இழுத்துப் பிடிக்கிறதா, பக்கத்தில் யாராவது கிணறு தோண்டினார்களா.

"கேமராவ ஆட்டாதடா, ஒன்னும் தெரியல!" என்று ஜல்லி கத்தினான்.

"பூச்சு விரிசல். வேற ஒன்னும் இல்ல" என்று நான் தீர்ப்பு சொன்னேன். புரொபசரும் அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னான்.

"இல்ல, எனக்கென்னவோ அஸ்திவாரம் இறங்குதுன்னு தோணுது" என்றான் தூண். "இருக்கலாமா, கிளம்பணுமான்னு சொல்லுங்க."

"யாரு, நீ போட்ட அஸ்திவாரமா? நாம எல்லாரும் போன பிறகும் அது நிக்கும்டா" என்றான் ஜல்லி. "பொண்ணு பயமுறுத்தறாளா? அவகிட்ட என்னைப் பேசச் சொல்லு."

தூண் விடவில்லை. அடுத்த வாரமும் அதே சுவர், அடுத்த வாரமும் அதே சுவர். அரைத்த மாவையே அரைக்கிறானே என்று எனக்கு அலுத்தது. கடைசியில் புரொபசர் ஒரு வழி சொன்னான். கட்டட வேலையில் பழைய முறைதான். தீப்பெட்டி அளவு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும். விரிசல் துளி அகன்றாலும் கண்ணாடி அதே கோட்டில் படக்கென்று உடைந்துவிடும்.

கண்ணாடி ஒட்டினான். அதற்குப் பிறகு எங்கள் அறிக்கையில் அதுதான் முதல் விஷயம். என் வீட்டுக்காரர் கணக்குத் துறையில் இருந்தவர், கட்டடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவரே ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "கண்ணாடி எப்படி இருக்காம்?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணாடி நன்றாக இருந்தது. மழை கொட்டியது, நின்றது, மறுபடி கொட்டியது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் நாங்கள் தூணுக்கு வாழ்த்துச் சொன்னோம். பாவிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முறை வந்ததும், "உடைஞ்சிடுச்சு" என்றான்.

சுவரைக் காட்டினான். படம் அப்படி ஆடியது. "கையை ஊனிப் பிடிடா" என்றான் ஜல்லி. "பசை சரியா போட்டிருக்க மாட்டே. பசை காஞ்சு இழுத்தாக்கூட உடையும். வேற ஒன்னு ஒட்டிப் பார்ப்போம்" என்றான் புரொபசர். மூவருமாகச் சேர்ந்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று மறுபடியும் அவனைத் தேற்றினோம்.

"அப்போ கிளம்ப வேண்டாம்ங்கறீங்க" என்றான் தூண்.

"வேண்டவே வேண்டாம்" என்றோம்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். பேச்சு நடக்கும்போதே அந்தப் படத்தைப் பிடித்து வைத்திருந்தேன். சாப்பிட்ட பிறகு அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி விரிசல் கோட்டில் உடையவே இல்லை. அதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி நாலா பக்கமும் கீறல். சுவர் நகர்ந்து உடைந்த கண்ணாடி இப்படி இருக்காது. இதை யாரோ எதையோ வைத்து அடித்து உடைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் 'யாரோ' என்று சொல்ல அவனைத் தவிர வேறு ஆளில்லை.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வரைபடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புக் கண்டுபிடித்தவன், எங்களுக்கே காது குத்துகிறானா? போன் செய்து திட்டலாம் என்று எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். தன் வீடு கெட்டுப்போயிருக்கிறது என்று காட்ட ஒரு மனிதன் எதற்காக இவ்வளவு பாடுபட வேண்டும்? யோசித்துப் பார்த்தால், அவன் முகத்தை நாங்கள் பார்த்தே எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. கேமரா எப்போதும் சுவரில்தான். முகத்தைக் காட்டு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். "விரிசல் அவ்வளவு மோசமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

தூண் கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது. உள்ளே காலைத் தேய்த்துத் தேய்த்து வரும் சத்தம் கேட்டது. திறந்தபோது நான் நிமிர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, அவ்வளவு குனிந்திருந்தான். சட்டைப் பொத்தான்களை ஒரு ஓட்டை தப்பிக் கோணலாகப் போட்டிருந்தான். வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறியே" என்றான்.

"சொன்னா சுவரைக் காட்டுவ" என்றேன்.

என்ன இருந்தாலும் புத்தி போகாது. நேராக ஹாலுக்குப் போய் முதலில் சுவரைத்தான் பார்த்தேன். விரிசலில் நகத்தை வைத்தேன், விரல் முட்டியால் தட்டிக் கேட்டேன், வெளியே போய்ப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். பூச்சைத் தாண்டி உள்ளே ஒன்றுமே போகவில்லை. கல்லுக்கு நிகரான சுவர். அதற்குப் பிறகுதான் வீட்டைப் பார்த்தேன். படுக்கையறைக் கட்டிலை இழுத்து வந்து குளியலறை வாசலில் போட்டிருந்தான். கட்டில் காலிலிருந்து குளியலறைக் கதவின் கைப்பிடி வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. சமையலறை மேடையில் கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிளாஸ்டிக்.

தேநீர் போடுகிறேன் என்று எழுந்தான். நான் உட்காரச் சொல்லிவிட்டு நானே போட்டேன். அவனுக்குப் பாதி டம்ளர்தான் ஊற்றினேன். அதற்கு மேல் ஊற்றினால் சிந்தும் என்று அவன் சொல்லாமலே தெரிந்தது.

"கண்ணாடிய எதால அடிச்ச?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டான். "கரண்டியால."

"அடிக்கறதுதான் அடிக்கற, விரிசல் மேல அடிக்கக் கூடாதா? உனக்கா தெரியாது?"

"தெரியும். விரிசல் மேலதான் குறி வெச்சேன். கை அங்க போகல."

பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். நரம்புக் கோளாறாம், மாத்திரை சாப்பிடுகிறானாம். முதலில் கை, பிறகு நடை. குளியலறையில் இரண்டு தடவை விழுந்திருக்கிறான். இரண்டாம் தடவை கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். அதிலிருந்து தாழ்ப்பாள் போடுவதில்லையாம்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"போன்ல ரெண்டு வார்த்தை. 'முடியலம்மா, வந்து கூட்டிட்டுப் போ.' அதுக்கு என்ன கேடு உனக்கு?"

"எப்படிச் சொல்றது? அவ கெஞ்சினப்போ மாப்பிள்ளை முன்னாடி அவளை அவ்வளவு பேசிட்டேன். வீடு விழுந்தா கூப்பிடுன்னேன். நீங்க வேற கை தட்டினீங்க." தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். "வீடு சரியில்லன்னு ஒரு என்ஜினியர் சொல்லிட்டா, நான் தோத்துப் போனதா இருக்காது. போக வேண்டியதாப் போச்சுன்னு போயிடலாம். அதான் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். மூணு பேர்ல ஒருத்தராவது 'கிளம்புடா'ன்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா வாராவாரம் வாழ்த்து சொல்றீங்க."

அப்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேல், பாதி எங்கள் மேல். சுவரைப் படித்த அளவுக்கு ஆளைப் படிக்கத் தெரியாத ஜன்மங்கள். அங்கேயே, அவன் எதிரிலேயே, அவன் மகளுக்குப் போன் போட்டேன். என்னைத் தெரிந்த பெண்தான். அவளுடைய கல்யாணத்தில் சமையல் கொட்டகை சரியாக நிற்கிறதா என்று நாங்கள் நாலு பேரும் சண்டை போட்டோம்.

"ஏம்மா, நான் உங்கப்பா வீட்டுல இருந்து பேசறேன். சுவரைப் பார்த்துட்டேன். அஸ்திவாரம் இறங்கியிருக்கு. இனிமே இங்க இருக்கக் கூடாது. உங்கப்பா முரண்டு பிடிக்கறாரு, நீதான் வந்து கூட்டிட்டுப் போகணும்."

வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு பொய்ச் சான்றிதழில்கூடக் கையெழுத்துப் போடாதவள் நான். அன்றைக்கு நாக்கு கூசாமல் சொன்னேன்.

"சரிங்க அத்தை. சனிக்கிழமை வண்டியோட வரோம்" என்றாள் அவள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, பழுது பார்க்க முடியாதா, ஒன்றுமே கேட்கவில்லை. "கீழ் ரூமை ஒழிச்சு வெச்சாச்சு. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பியும் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "அப்பாகிட்ட அதைச் சொல்ல வேண்டாம் அத்தை" என்றாள்.

கிளம்பும்போது தூண் வாசல்வரை வந்தான். "அவனுங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லாத மேடம். ஜல்லி அழுது தொலைப்பான். புரொபசர் என் நரம்பைப் பத்தி எனக்கே வகுப்பு எடுப்பான்."

"என் வாயால வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கூடினோம். தூண் மகள் வீட்டிலிருந்து வந்திருந்தான். கேமராவை எதிரே இருந்த ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தான். புரொபசரும் ஜல்லியும் அறிக்கை சொல்லி முடித்தார்கள். என் முறை வந்தது. போனேன், பார்த்தேன், வீட்டைக் காலி செய்யச் சொன்னேன் என்று அவசர அவசரமாகச் சொல்லி முடித்துவிடப் பார்த்தேன்.

"இரு, இரு" என்றான் புரொபசர். "எதை வெச்சு சொன்ன?"

"பார்த்தேன், சொன்னேன்."

"விரிசல் பூச்சைத் தாண்டி உள்ள போயிருக்கா?"

"ஆமா" என்றேன்.

"அப்போ வெளிச்சுவர்ல தெரியணுமே? தரை இறங்கியிருக்கா? கதவு பிடிக்குதா? மட்டக்குழாய்ல தண்ணி விட்டுத் தரை மட்டம் பார்த்தியா?"

அவன் கேட்டது அத்தனையும் சரி. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்டிருப்பேன். "பயமா இருந்தது. அதான் சொல்லிட்டேன்" என்றேன்.

"பயமா இருந்ததா?" ஜல்லி எகிறினான். "ஒரு மனுஷனைச் சொந்த வீட்டை விட்டுக் கிளப்பியிருக்க. பயமா இருந்ததாம்! பூச்சு விரிசலுக்கும் அஸ்திவார விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாம நீ கட்டின தொட்டியெல்லாம் எப்படி மேடம் நிக்குது?"

ஜல்லி கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். புரொபசர் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினான். "மேடம், தப்பா எடுத்துக்காத. நமக்கெல்லாம் வயசாகுது. கண்ணும் மூளையும் முன்ன மாதிரி வேலை செய்யாது. இனிமே நீ யாருக்கும் அபிப்பிராயம் சொல்ல வேண்டாம்."

உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அந்த அவமானம் எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது. "சரி, சொல்லல" என்றேன்.

"தூண், நீ கவலைப்படாத" என்றான் புரொபசர். "நாளைக்கே உன் பொண்ணுகிட்ட நான் பேசறேன். தேவைப்பட்டா நானும் ஜல்லியும் நேர்ல போய்ப் பார்த்து எழுதித் தரோம். அடுத்த வாரம் நீ உன் வீட்டுல இருக்கலாம்."

தூணின் படம் ஆடியது. ஜன்னல் போய்க் கூரை தெரிந்தது, கதவு தெரிந்தது, அப்புறம் அவன் முகம் வந்தது. ஒட்டிப்போன கன்னமும் நிற்காமல் ஆடும் தாடையுமாக அதை ஜல்லியும் புரொபசரும் அப்போதுதான் பார்த்தார்கள்.

"வீட்டுக்கு ஒன்னும் இல்லடா" என்றான் தூண். "அது மேடத்துக்கு நல்லாத் தெரியும். நான் சொல்லச் சொன்னேன், அவ சொன்னா. எனக்குத்தான் முடியல. கை நிக்க மாட்டேங்குது. நடக்க வரல. ரெண்டு தடவை பாத்ரூம்ல விழுந்தேன். அவளை ஒன்னும் சொல்லாதீங்க."

புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். வகுப்பு எடுக்கவில்லை. "விழுந்தப்போ யாருடா தூக்கினா?" என்று மட்டும் கேட்டான்.

"யாரு இருக்கா? நானாத்தான் எழுந்தேன்."

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாமேடா" என்றான் ஜல்லி.

"கூப்பிட்டேனே" என்றான் தூண். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டேனே."